கவராய முள் குத்திய ஓட்டை

சென்ற ஆண்டு தேர்வுக் காலத்தில் அக்கா வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவளுடைய மகள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பொட்டாசியம் அணுவை வரைந்துகொண்டிருந்தாள். கவராயத்தின் முள்ளைத் தாளில் ஊன்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நான்கு வட்டங்கள் போட்டு, முதல் வட்டத்தில் 2 புள்ளிகள், அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 8, கடைசியில் ஒற்றைப் புள்ளி என்று பென்சிலால் அழுத்தி வைத்தாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே படத்தை இதே வரிசையில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான் என்பதால், பார்த்ததும் ஒரு பழைய சொந்தக்காரரைத் தெருவில் கண்டது போலிருந்தது. அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"மாமா, மூணாவது வட்டத்துல 18 வரைக்கும் வைக்கலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு. அப்புறம் ஏன் எட்டோட நிறுத்திட்டு பத்தொன்பதாவதை வெளியே தள்ளணும்?"

"அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். இயற்பியலில் பட்டம் பெற்றவன் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் புரிந்தது, எனக்கும் அணுவின் கதையைப் படங்களின் வரிசையாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று. டால்டனின் உருண்டை, தாம்சனின் தர்பூசணி, ரூதர்ஃபோர்டின் சூரிய குடும்பம், நீல்ஸ் போரின் வட்டங்கள், கடைசியில் ஒரு மேகம். ஒவ்வொருவரும் முன்னவரின் முட்டாள்தனத்தைத் திருத்த வந்தவர் போலவே தோன்றும். ஒவ்வொரு படமும் எந்தக் கேள்விக்கு விடையாக வரையப்பட்டது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. கேள்வியை எடுத்துவிட்டால் தர்பூசணி சிரிப்பாகத்தான் இருக்கும்.

டால்டனை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டு, நாள்தோறும் வானிலையைக் குறித்து வைத்துக்கொண்டிருந்த ஜான் டால்டனுக்கு அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. அவருடைய கவலை எடையைப் பற்றியது. 12 கிராம் கரி 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒரு வாயு கிடைக்கிறது. அதே கரி 32 கிராமோடு சேர்ந்தால் வேறொரு வாயு கிடைக்கிறது. இடையில் 20 கிராமோடோ 27 கிராமோடோ சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறப்பதில்லை. பொருள் என்பது மாவு போலத் தொடர்ச்சியாக இருந்தால் எந்த விகிதத்திலும் கலக்கலாம். முழு எண்களில்தான் கலக்கிறது என்றால் அது எண்ணக்கூடிய உருப்படிகளாக இருக்க வேண்டும். 1803-ல் குறிப்பேட்டில் தொடங்கி 1808-ல் அச்சில் வந்த வாதத்தின் சாரம் இவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு உருண்டை போதும். நண்பர் பீட்டர் யூவர்ட் செய்துகொடுத்த மர உருண்டைகளை வைத்துக்கொண்டு அவர் பாடம் நடத்தினார். நீர் என்பது ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தது என்று அவர் தவறாக எடுத்துக்கொண்டதால் ஆக்சிஜனின் எடை ஹைட்ரஜனைப் போல 7 மடங்கு என்று வந்தது. அந்தக் குழப்பம் தீர அரை நூற்றாண்டு பிடித்தது. ஆனால் எண்ணலாம் என்ற எண்ணம் அப்படியே நிலைத்துவிட்டது.

அணு இருக்கிறது என்பதையே எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை நம் பாடநூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. வியன்னாவின் இயற்பியலர் எர்ன்ஸ்ட் மாக் கடைசிவரை மசியவில்லை. வேதியியலர் ஆஸ்ட்வால்ட், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் நடுக்கத்தைப் பற்றி ஐன்ஸ்டைன் 1905-ல் போட்ட கணக்கையும் அதை ஜான் பெரின் பாரிசில் அளந்து சரிபார்த்ததையும் கண்ட பிறகே, கிட்டத்தட்ட 1908-ல்தான் வழிக்கு வந்தார். அதாவது, எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அணுவைச் சந்தேகித்த பேரறிஞர்கள் இருந்தார்கள். வீடு இருக்கிறதா என்று தெருவில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஒருவர் அறைகளை அளந்துகொண்டிருந்தார்.

அளந்தவர் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவராக இருந்த ஜே. ஜே. தாம்சன். கைவேலையில் அவர் சற்றுத் தடுமாற்றம் உள்ளவர். கண்ணாடிக் குழாய்களை ஊதிச் செய்தவர் அவருடைய உதவியாளர் எபனீசர் எவரெட். 1897-ல் அந்தக் குழாய்களுக்குள் கேதோடு கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்து, அக்கதிர் ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் லேசான எதிர்மின் துகள்களால் ஆனது என்றும், எந்த வாயுவைக் குழாயில் அடைத்தாலும் எந்த உலோகத்தைத் தகடாக வைத்தாலும் அதே துகள்தான் வருகிறது என்றும் தாம்சன் காட்டினார். நாம் எலக்ட்ரான் என்று அழைக்கும் இந்தத் துகள் எல்லா அணுவுக்குள்ளும் இருக்கிறது. ஆனால் அணுவுக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை. அப்படியானால் நேர்மின்சுமை எங்கே, இந்த எதிர்மின் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறாமல் எப்படி அடங்கியிருக்கின்றன? இதுதான் அவருடைய கேள்வி. நேர்மின்சுமையைச் சீராகப் பரவிய ஒரு கோளமாக வைத்து, அதற்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுற்றுவதாக 1904-ல் அவர் கணக்குப் போட்டார். 'பிளம் புட்டிங்' என்ற பெயரை அவர் வைக்கவில்லை. தர்பூசணி நாம் சேர்த்துக்கொண்டது. புட்டிங்கில் திராட்சை அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும், பழத்தில் விதையும் அப்படித்தான். தாம்சனின் அணுவில் எதுவும் சிதறிக் கிடக்கவில்லை; ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது.

இதை நம்பவைக்க அவர் ஒரு விளையாட்டைத் துணைக்கு அழைத்தார். ஆல்ஃபிரட் மேயர் என்ற அமெரிக்கர் 1878-ல் செய்துகாட்டியது அது. அக்கா வீட்டில் மூன்றாம் நாள் மாலை நாங்களும் செய்து பார்த்தோம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தால் தையல் ஊசிகளை ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேய்த்து, தெர்மகோல் அட்டையிலிருந்து சுண்டக்காய் அளவுக்கு வெட்டிய துண்டுகளில் செருகி, ஊசிக்கண் எல்லாம் மேலே இருக்குமாறு பிளாஸ்டிக் பேசின் தண்ணீரில் மிதக்கவிட்டோம். எல்லா ஊசியின் மேல்முனையும் ஒரே துருவம் என்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விளிம்புக்கு ஓடின. மேலிருந்து பெரிய காந்தத்தை, இழுக்கும் பக்கம் கீழே இருக்குமாறு, ஒரு சாண் உயரத்தில் பிடித்ததும் ஓடியவை நடுவை நோக்கித் திரும்பி வந்தன. மூன்று ஊசி முக்கோணமாக நின்றது. நான்கு சதுரமாக நின்றது. ஐந்து, சற்றுத் தள்ளாடிவிட்டு, ஐங்கோணமாக நின்றது. ஆறாவது ஊசியை விட்டபோது அறுகோணம் வரும் என்று இருவரும் காத்திருந்தோம். அறுகோணம் வரவில்லை, ஓர் ஊசி நழுவி நடுவே போய் நின்றுகொள்ள, ஐந்து அதைச் சுற்றி நின்றன.

"உள்ள ஒண்ணு, வெளிய அஞ்சு" என்றாள் அவள், அணு அமைப்புக் கேள்விக்கு விடை எழுதுகிற தொனியில்.

தாம்சனுக்கு ஏற்பட்ட வியப்பும் இதுதான். வெறும் தள்ளலும் இழுப்பும் இருந்தாலே போதும். எண்ணிக்கை கூடக்கூடத் துகள்கள் தாமாகவே அடுக்குகளாகப் பிரிகின்றன, ஓர் அடுக்கு நிரம்பினால் அடுத்த அடுக்கு தொடங்குகிறது. 59 முதல் 67 வரை எண்ணிக்கை கூடும்போது வெளி வளையத்தில் 20 மாறாமல் இருக்க உள்ளே மட்டும் மாறுகிறது என்று கணக்கிட்டு, தனிம அட்டவணையின் ஒரு வரிசை இப்படித்தான் பிறக்கிறது என்றார். ஓர் அணுவின் வளைய அமைப்போடு வெளியே இன்னொரு வளையம் சேர்ந்தால் வருவது அதே குடும்பத்தைச் சேர்ந்த அடுத்த தனிமம் என்றார். எண்கள் தவறு. ஆனால் எலக்ட்ரான்களின் அடுக்குதான் வேதியியலைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் தவறல்ல. 2, 8, 8, 1 என்று எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் தாம்சனின் வழித்தோன்றல் என்பதை அவருடைய மாதிரி 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்கும் புத்தகங்கள் சொல்வதில்லை.

தன் மாதிரியில் முதல் விரிசலை விழவைத்தவரும் தாம்சனே. எலக்ட்ரான் அத்தனை லேசானது என்றால் அணுவின் முழு எடைக்கும் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்கள் வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார். 1906-ல் எக்ஸ் கதிர்ச் சிதறலையும் பிறவற்றையும் வைத்துப் பார்த்தபோது, ஓர் அணுவில் உள்ள எலக்ட்ரான்கள் ஏறக்குறைய அதன் அணு எடை அளவிலான எண்ணிக்கையில்தான் இருக்கின்றன என்று தெரிந்தது. அப்படியானால் எடை முழுவதும், யாரும் பார்த்திராத அந்த நேர்மின்சுமையில்தான் இருக்க வேண்டும். ஜப்பானில் ஹண்டாரோ நகாவோகா 1904-லேயே நடுவில் கனத்த ஒரு பொருளும் சுற்றிலும் சனிக்கிரகத்தின் வளையம் போல எலக்ட்ரான்களுமாக ஓர் அணுவை முன்வைத்திருந்தார். அத்தகைய வளையம் நிலைத்து நிற்காது என்று எதிர்ப்பு வந்ததும் அது ஓரங்கட்டப்பட்டது. நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் சிந்தித்துச் சொல்லிவிடலாம். தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு குச்சி வேண்டும்.

அந்தக் குச்சி, கதிரியக்கப் பொருள்கள் வேகமாக வீசியெறியும் நேர்மின் துகளான ஆல்ஃபா துகள். ரூதர்ஃபோர்ட் 1907-ல் மான்செஸ்டருக்கு வந்து, மறு ஆண்டே வேதியியலுக்கு நோபல் பரிசும் வாங்கிவிட்டார். ஹான்ஸ் கைகர் அவருடைய உதவியாளர். பட்டப்படிப்பையே முடித்திராத இருபது வயது எர்னஸ்ட் மார்ஸ்டனுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆல்ஃபா துகள் ஏதாவது உலோகத்திலிருந்து திரும்பி வருகிறதா என்று பாரேன் என்று விட்டார்கள்; வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வேலையின் தன்மையைச் சொல்ல வேண்டும். துகள் வந்து மோதினால் துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரையில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஒளி மின்னி மறையும். அதை நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கும் முன் அரை மணி நேரமாவது இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். சிறிது நேரத்திலேயே கண் ஏமாற்றத் தொடங்கும். அப்போது இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ரூதர்ஃபோர்டுக்கு இதற்கான பொறுமை இல்லை, கைகருக்கு இருந்தது. 1909-ல் அவர்கள் சொன்ன எண், பிளாட்டினத்தின்மேல் விழும் துகள்களில் ஏறக்குறைய 8,000-க்கு ஒன்று திரும்பி வருகிறது என்பது.

நம் பாடநூலில் இந்த இடத்தில் உடனே அணுக்கரு வந்துவிடும். உண்மையில் ரூதர்ஃபோர்ட் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் யோசித்தார். தாம்சனின் அணுவிலும் ஆல்ஃபா துகள் சற்றே விலகும். ஆயிரம் அணுக்களைக் கடக்கும்போது ஆயிரம் சிறு விலகல்கள் சேர்ந்து பெரிய விலகலாகாதா? ஆகலாம், ஆனால் எல்லாம் ஒரே பக்கமாகச் சேர வேண்டும். அதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் 8,000-க்கு ஒன்று என்ற எண்ணின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகவே திருப்பம் ஒரே மோதலில் நடந்திருக்க வேண்டும். ஒரே மோதலில் அவ்வளவு வேகமாக வரும் துகளைத் திருப்பியனுப்ப, அணுவின் முழு மின்சுமையும் எடையும் அணுவின் அகலத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும். 1911 மே மாதம் வெளிவந்த கட்டுரை இதைத்தான் நிறுவுகிறது. அதில் அவர் அணுக்கரு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. மைய மின்சுமை என்றுதான் எழுதினார். அந்த மின்சுமை நேரா எதிரா என்பதையும் முடிவு செய்யவில்லை, ஏனென்றால் விலகல் கோணத்தின் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. இப்படிப்பட்ட அணு நிலைத்து நிற்குமா என்ற கேள்வியை இப்போதைக்கு எடுக்க வேண்டியதில்லை என்றும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். இந்த நகர்தலை நான் மிகவும் மதிக்கிறேன். தனக்கு விடை தெரிந்த கேள்வி எது, தெரியாதது எது என்று கோடு போடத் தெரிந்தவர்.

கைகரும் மார்ஸ்டனும் மீண்டும் இருட்டறைக்குப் போனார்கள். 5 பாகையிலிருந்து 150 பாகை வரை வெவ்வேறு கோணங்களில் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னல்களை எண்ணினார்கள். இந்த வீச்சுக்குள் துகள்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2,50,000-க்கு 1 என்ற அளவுக்குச் சரிய வேண்டும் என்கிறது ரூதர்ஃபோர்டின் வாய்ப்பாடு, சரிந்தது. 1913-ல் அது அச்சேறியது. 1911 இறுதியில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பாவின் முதன்மையான இயற்பியலர்கள் கூடிய சால்வே மாநாட்டில், ரூதர்ஃபோர்டும் அமர்ந்திருந்த அறையில், இந்த அணுவைப் பற்றிய பேச்சே எழவில்லை என்பது இப்போது நினைத்தால் விந்தையாக இருக்கிறது.

அவர் தள்ளிவைத்த கேள்வி சாதாரணமானதல்ல. வட்டமாகச் சுற்றும் மின்துகள் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும் என்பது மின்காந்தவியலின் பாலபாடம். அந்தக் கணக்கின்படி ஹைட்ரஜனின் எலக்ட்ரான் சுருண்டு சுருண்டு நடுவில் விழுந்துவிட ஆகும் நேரம், ஒரு நொடியை நூறு கோடியாக வெட்டி, அதில் ஒரு துண்டை இன்னும் அறுபதாக வெட்டினால் கிடைக்கும் அளவு. அதாவது நாற்காலி, நான், அக்கா வீட்டுக் கூடம் எதுவும் இருக்க முடியாது.

இங்கே ஒரு பள்ளி ஆசிரியரைக் கொண்டுவர வேண்டும். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்திய யோஹான் பால்மர், அறுபதை நெருங்கிய வயதில், 1885-ல், ஹைட்ரஜன் வெளிவிடும் நான்கு ஒளிக்கோடுகளின் அலைநீளங்களை வைத்துக்கொண்டு எண் விளையாட்டு ஆடினார். நானும் அக்கா மகளும் கால்குலேட்டரில் அதைப் போட்டோம். 364.56 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 9/5-ஆல் பெருக்கினால் 656.21. 4/3-ஆல் பெருக்கினால் 486.08. 25/21-ஆல் 434.00. 9/8-ஆல் 410.13. நானோமீட்டரில் இவைதான் ஹைட்ரஜனின் சிவப்பு, பசும்நீலம், நீலம், ஊதாக் கோடுகள். ஸ்வீடன் இயற்பியலர் ஆங்ஸ்ட்ரோம் அளந்திருந்த எண்களோடு ஒரு நானோமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வரை ஒத்துப்போகின்றன. அந்தப் பின்னங்களை 9/5, 16/12, 25/21, 36/32 என்று எழுதினால் மேலே 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்களும், கீழே அவற்றிலிருந்து 4 கழித்த எண்களும் நிற்பதைக் காணலாம். "நாலுன்னா ரெண்டோட வர்க்கம்" என்று அவளே சொன்னாள். பால்மரும் அங்கேதான் நின்றார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. 28 ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை.

பால்மர் அந்தச் சூத்திரத்தை எழுதிய அதே ஆண்டில் பிறந்தவர் நீல்ஸ் போர். 1911-ல் தாம்சனிடம் படிக்கக் கேம்பிரிட்ஜுக்கு வந்து, அங்கே மனம் ஒட்டாமல், 1912 வசந்தத்தில் மான்செஸ்டருக்கு இடம் மாறினார். விழாத எலக்ட்ரானைப் பற்றித்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். ஒளிக்கோடுகளின் வரிசையான நிறமாலையைப் பற்றி அல்ல. 1913 பிப்ரவரியில் ஹான்சன் என்ற நண்பர் பால்மரின் சூத்திரத்தைப் பார்க்கச் சொன்னபோதுதான் எல்லாம் தெளிவானது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எலக்ட்ரான் சில குறிப்பிட்ட பாதைகளில் மட்டும், ஒளியை உமிழாமல், இருக்கலாம். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும் ஆற்றல் வேறுபாடு ஒளியாக வெளிவரும். மூன்றிலிருந்து இரண்டுக்குத் தாவினால் சிவப்பு. நான்கிலிருந்து இரண்டுக்குத் தாவினால் பசும்நீலம். எலக்ட்ரானின் மின்சுமை, நிறை, ஒளியின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் பிளாங்க் மாறிலி ஆகியவற்றை மட்டும் வைத்து, ஒளிக்கோடுகளின் சூத்திரத்தில் வரும் மாறிலியை அவர் கணக்கிட்டபோது 3.1 என்று வந்தது. நிறமாலையிலிருந்து அளந்தது 3.29. அன்றைய அளவீடுகளின் பிழையை வைத்துப் பார்த்தால் இது மிக நெருங்கிய பொருத்தம். ஏன் உமிழாது என்பதற்கு அவரிடம் விடையில்லை. விடையில்லாததையே விதியாக எழுதி வைத்தார்.

கையெழுத்துப் படியைப் படித்த ரூதர்ஃபோர்ட், மூன்றிலிருந்து கிளம்பும் எலக்ட்ரானுக்குத் தான் இரண்டில் நிற்கப்போகிறோமா ஒன்றில் நிற்கப்போகிறோமா என்பது கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டுமே, இல்லாவிட்டால் எந்த நிறத்தில் ஒளியை விடுவது என்று எப்படி முடிவு செய்யும் என்று கேட்டு எழுதினார். அணுவைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்விகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது. போர் வாயடைத்துப் போனாலும் கைவசம் வேறொரு சீட்டு இருந்தது. சில விண்மீன்களில் காணப்பட்டு ஹைட்ரஜனுடையவை என்று நம்பப்பட்ட கோடுகள் உண்மையில் ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தினுடையவை, அதில் மாறிலி 4 மடங்காகும் என்றார். சரியாக 4 என்றால் அளவோடு பொருந்தவில்லையே என்று ஃபவுலர் என்ற நிறமாலை நிபுணர் மடக்கினார். அணுக்கருவும் அசையாமல் நிற்பதில்லை, கனத்துக்கு ஏற்பச் சற்றே ஆடும், அதைச் சேர்த்தால் 4.0016 வரும் என்று போர் பதில் அனுப்பினார். அளவும் 4.0016. நான்காவது தசம இடத்தில் கிடைத்த அந்த வெற்றிக்குப் பிறகு ஏளனம் செய்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

அதே ஆண்டில் ஹென்றி மோஸ்லி தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் எடையைவிட அடிப்படையான ஒரு வரிசை எண் உண்டு என்றும் அது அணுக்கருவின் மின்சுமைதான் என்றும் காட்டினார். கோபால்ட் நிக்கலைவிடக் கனமாக இருந்தும் முன்னால் நிற்பதற்குக் காரணம் 27-க்குப் பிறகுதான் 28 என்பதே. பொட்டாசியம் 19 என்று நாம் உறுதியாகச் சொல்வதும் அந்த முறையால்தான். 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்முனையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தபோது அவருக்கு வயது 27.

போரின் வட்டங்கள் ஹைட்ரஜனுக்கு அளவெடுத்துத் தைத்தவை. இரண்டு எலக்ட்ரான் உள்ள சாதாரண ஹீலியத்துக்கே பொருந்தாமல் கிழிந்தன. மியூனிக்கில் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1916 வாக்கில் வட்டங்களோடு நீள்வட்டங்களையும் சேர்த்தார். அக்கா மகளின் கேள்விக்கு முதல் விடை இங்கேதான் பிறக்கிறது. நீண்டு மெலிந்த நீள்வட்டத்தில் ஓடும் எலக்ட்ரான், பெரும்பாலான நேரம் தூரத்தில் திரிந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை உள்ளடுக்கு எலக்ட்ரான்களின் திரையைக் கிழித்துக்கொண்டு அணுக்கருவின் பக்கத்தில் போய்த் திரும்புகிறது. அந்தச் சில கணங்களில் அது உணரும் இழுப்பு கடுமையானது. ஆகவே நான்காவது அடுக்கின் மெலிந்த பாதை, மூன்றாவது அடுக்கின் வட்டப் பாதையைவிட ஆற்றலில் தாழ்ந்துவிடுகிறது; பத்தொன்பதாவது எலக்ட்ரான் அதில் போய் உட்காருகிறது. ஷ்ரோடிங்கர் 1921-ல் இத்தகைய ஊடுருவும் பாதைகளைப் பற்றி எழுதினார். போர் அவற்றைக் கொண்டு தனிம அட்டவணை முழுவதையும் கட்டிப்பார்த்து, இன்னும் கிடைக்காத 72-ஆவது தனிமம் சிர்க்கோனியத்தைப் போலிருக்கும் என்றார். கோப்பன்ஹேகனிலேயே அதைத் தேடி, சிர்க்கோனியக் கனிமத்துக்குள் கண்டெடுத்தார்கள். ஹாஃப்னியம் என்று அந்நகரின் இலத்தீன் பெயரை வைத்தார்கள்.

இதைச் சொன்னபோது அவள் கவராயத்தைப் பார்த்தாள். நீள்வட்டம் வரைய அது உதவாது. இரண்டு குண்டூசிகளை அட்டையில் குத்தி, ஒரு நூல் கண்ணியை மாட்டி, பென்சிலால் இழுத்துக்கொண்டே சுற்றிக் காட்டினேன்.

1925-ல் பவுலி, ஒரு நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற விலக்கு விதியைச் சொன்னபோது 2, 8, 18 என்ற எண்களுக்கு ஒருவழியாகக் காரணம் கிடைத்தது. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் பாதைகள் என்ற கருத்தையே கலைத்துவிட்டார்கள். எலக்ட்ரானுக்கு ஓர் அலை உண்டு. அந்த அலை சொல்வது எலக்ட்ரான் எங்கே அகப்படும் என்பதற்கான வாய்ப்பை மட்டுமே என்று மாக்ஸ் பார்ன் விளக்கினார். 1927-ல் மெல்லிய உலோகத் தகடுகளுக்குள் எலக்ட்ரானைச் செலுத்தி அலைக்குரிய வளையங்களைப் படமெடுத்தவர்களுள் ஒருவர் ஜி. பி. தாம்சன். துகள் என்று நிறுவிய ஜே. ஜே.-யின் மகன். எலக்ட்ரான் விழாததற்கும் அப்போதுதான் விடை வந்தது: அலையை அணுக்கருவுக்குள் ஒடுக்க ஒடுக்க அதன் இயக்க ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறது, ஓர் அளவுக்குமேல் ஒடுக்க முடிவதில்லை. ரூதர்ஃபோர்ட் தள்ளிவைத்த கேள்வி பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது.

சென்னைக்கு இந்தக் கதையில் ஓரிடம் உண்டு. 1928-ல் சோமர்ஃபெல்ட் இந்தியாவுக்கு வந்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அப்போது ஏறக்குறைய 18 வயதுதான். அணு அமைப்பைப் பற்றி சோமர்ஃபெல்ட் எழுதிய பெருநூலை அவர் தானே முயன்று படித்திருந்தார். விடுதிக்குப் போய் அவரைச் சந்தித்து, அதைப் பெருமையோடு சொன்னார். அந்த நூல் எழுதப்பட்ட பிறகு இயற்பியலே மாறிவிட்டது, நீ படித்ததெல்லாம் பழையது என்று, நூலை எழுதியவரே அந்த மாணவரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களை, பவுலியின் விலக்கு விதியின்மேல் கட்டிய புதிய புள்ளியியலைக் கொண்டு விளக்கும் தன் கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். சில மாதங்களில் சந்திரசேகர் அந்தப் புள்ளியியலைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுத, அது 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-ல் கப்பலேறியபோது அவர் போட்டுக்கொண்டே போன கணக்கு, செத்துச் சுருங்கிய விண்மீன் ஒன்று எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது. பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரானை வெளியே நிறுத்தும் அதே விலக்கு விதிதான் அந்த விண்மீன் மேலும் சுருங்காமல் முட்டுக்கொடுக்கிறது.

நான்காம் நாள் காலை அவளுடைய பொட்டாசியப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நடுவில் கவராய முள் குத்திய ஓட்டை அரை மில்லிமீட்டர் இருக்கும். அதுவே அணுக்கரு என்று வைத்துக்கொண்டால் கடைசி வட்டம் எங்கே விழ வேண்டும் என்று இருவரும் கணக்கிட்டோம். பொட்டாசிய அணுவின் ஆரம் அணுக்கருவைப் போல ஏறக்குறைய 56,000 மடங்கு. கால் மில்லிமீட்டரை அதால் பெருக்கினால் 14 மீட்டர். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். கூடத்திலிருந்து திண்ணை, கோலம், சாக்கடைப் பலகை எல்லாவற்றையும் தாண்டி, எதிர்வீட்டு முருங்கை மரத்தடியில் 14 மீட்டர் முடிந்தது.

"பரீட்சையில என்ன வரையறது மாமா?"

"நாலு வட்டம்தான்" என்றேன். அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, முருங்கை மரத்தையும் வீட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.